ஊர்ச் சங்கமும் அதன் தலைமையும்: சேலம், சேர்வராயன் மலைப் பகுதி உறுப்பினர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலம் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் ஏற்காட்டு மலை ஊர்களிலும் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. முன்பே பதில் சொன்ன விஷயம் மறுபடி வந்தால், அந்தக் கேள்வி எண்ணை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

1. சொசைட்டி, சென்ட்ரல் பேங்க், டவுன் பேங்க் எல்லாம் ஒண்ணுதானே? எல்லாத்துலயும் கூட்டுறவுனுதானே போட்டிருக்கு?

பெயரில் கூட்டுறவு இருந்தாலும் மூன்றும் வேறு வேறு. ஊரில் உரம் வாங்கவும் பயிர்க்கடன் வாங்கவும் போகும் இடம் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம். அதற்குப் பணம் தருவது சேலம் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி. 1909-ல் தொடங்கிய பழைய வங்கி அது. அதற்கும் மேலே சென்னையில் தலைமைக் கூட்டுறவு வங்கி இருக்கிறது. நகரக் கூட்டுறவு வங்கி இந்த அடுக்கில் சேராது. வியாபாரி, சம்பளக்காரர், பட்டறைக்காரர் என நகரத்து மக்களுக்காகத் தனியாக நிற்பது அது.

சட்டமும் வேறு. ஊர்ச் சங்கம் 1983-ஆம் ஆண்டு தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ், அரசின் கூட்டுறவுச் சங்கப் பதிவாளரின் பார்வையில் இயங்குகிறது. மத்தியக் கூட்டுறவு வங்கிக்கும் நகர வங்கிக்கும் பதிவாளரோடு ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பும் உண்டு. ஊர்ச் சங்கம் தன் பெயரில் ‘வங்கி’ என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்பது 2020-ல் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் செய்த திருத்தத்திலேயே இருக்கிறது. மலையில் இருக்கும் பழங்குடியினர் சங்கங்களை ‘லேம்ப்’ சங்கம் என்பார்கள். அவை கடனோடு விளைபொருள் கொள்முதல், ரேஷன் கடை எல்லாவற்றையும் சேர்த்தே நடத்துபவை.

2. அப்ப சொசைட்டியில போடுற டெபாசிட்டுக்கு 5 லட்சம் இன்சூரன்ஸ் உண்டா, இல்லையா?

இல்லை. வைப்புக் காப்பீடு வங்கிகளுக்குத்தான். மத்தியக் கூட்டுறவு வங்கியிலோ நகரக் கூட்டுறவு வங்கியிலோ போட்ட பணத்துக்கு, ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து ₹5 லட்சம் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி 4 முதல் இந்த வரம்பு நடப்பில் இருக்கிறது. அதற்கு முன் ₹1 லட்சமாக இருந்தது. ஊர்ச் சங்கத்து வைப்புக்கு இந்தக் காப்பீடு கிடையாது. கால், அரை சதவீதம் வட்டி கூட வருகிறதே என்று ஓய்வுப் பணம் முழுவதையும் சங்கத்தில் போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போட வேண்டும்.

சங்கத்தில் பணம் போடுவதே தவறு என்று இதற்கு அர்த்தம் இல்லை. அங்கே பாதுகாப்பு என்பது சங்கம் எவ்வளவு பணத்தை மத்தியக் கூட்டுறவு வங்கியில் இருப்பாக வைத்திருக்கிறது, கொடுத்த கடன் ஒழுங்காகத் திரும்புகிறதா, தணிக்கை முடிந்திருக்கிறதா என்ற மூன்றில் இருக்கிறது. மூன்றும் சங்கத்தை நடத்துபவர்களைப் பொறுத்தவை. இந்தத் தொகுப்பின் மீதிக் கேள்விகள் பெரும்பாலும் அதைச் சுற்றித்தான் வரும்.

3. தலைவர், செயலாளர், தனி அலுவலர்னு சொல்றாங்க. உண்மையில யாரு கையில அதிகாரம்?

சட்டப்படி உயர்ந்தது உறுப்பினர் பேரவை. அது தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழு முடிவெடுக்கும். குழுவுக்குத் தலைமை தாங்குபவர் தலைவர். அன்றாட வேலை சம்பளத்துக்கு இருக்கும் செயலாளரிடம். 2018 தேர்தலில் வந்த குழுக்களின் 5 ஆண்டுக் காலம் முடிந்த பிறகு, குழு இல்லாத சங்கங்களைக் கூட்டுறவுத் துறையின் தனி அலுவலர்கள் கவனிக்கிறார்கள். குழுவுக்கு உள்ள அதிகாரம் முழுவதும் அவருக்கு உண்டு. ஆனால் ஒரே அலுவலர் பல சங்கங்களைப் பார்க்க வேண்டியிருப்பதால், வாரத்தில் ஒரு நாள் வந்து கையெழுத்துப் போடுவதோடு நின்றுவிடுவதும் நடக்கிறது.

நடைமுறையில் எந்தச் சங்கத்திலும் செயலாளரின் கை ஓங்கியே இருக்கும். தலைவர்கள் மாறுவார்கள், அவர் 20, 25 ஆண்டுகள் அதே ஊரில் இருப்பார். யாருக்கு எவ்வளவு நிலம், யார் வீட்டில் கல்யாணம், யார் வாக்குக் கொடுத்தால் கட்டுவார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இந்த அறிவுதான் ஊர்ச் சங்கத்தின் பெரிய பலம். பெரிய வங்கியின் மேலாளர் மூன்று வருடத்தில் மாற்றலாகிப் போய்விடுவார். அதே அறிவைக் கண்காணிக்க ஆள் இல்லாதபோதுதான் 7-வது கேள்வியில் சொல்லும் கோளாறுகள் வருகின்றன. நல்ல தலைவர் செயலாளரோடு சண்டை போடுகிறவரும் இல்லை, அவர் நீட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுகிறவரும் இல்லை. கேட்டு, பதிவேட்டைப் பார்த்து, பிறகு கையெழுத்துப் போடுகிறவர்.

4. சங்கம் நல்லா நடந்தா ஊருக்கு அப்படி என்னங்க லாபம்? கடன் குடுக்கறதுக்குத்தான் பேங்க் நிறைய இருக்கே?

மரவள்ளியை வைத்துப் பார்த்தால் புரியும். ஆத்தூர், கெங்கவல்லி, தலைவாசல் பக்கம் கிழங்கு நட்டு எடுக்கச் சுமார் 10 மாதம் ஆகும். அதுவரை குச்சி, களை, உரம், தண்ணீர் எல்லாம் கைக்காசு. நடும் மாதத்தில் சங்கக் கடன் கைக்கு வராவிட்டால் விவசாயி ஆலை ஏஜெண்டிடமோ உரக்கடையிலோ முன்பணம் வாங்குவார். முன்பணம் வாங்கியவர் கிழங்கை அங்கேயே கொடுத்தாக வேண்டும். மாவுச்சத்துப் பாயிண்டை ஆலையில் அளந்து சொல்லும்போது, ‘குறைச்சலா இருக்கே’ என்று கேட்டுவிட்டு வேறு ஆலைக்கு வண்டியைத் திருப்ப அவரால் முடியாது. கடன் தாமதமான ஒரு மாதம், விலை பேசும் உரிமையையே எடுத்துக்கொள்கிறது. சேகோசர்வ் 1981-ல் தொடங்கியதும் இதே காரணத்துக்குத்தான். ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் இடைத்தரகரை நம்பி நிற்காமல், கிடங்கில் சரக்கை வைத்து, அதன் மேல் பணமும் பெற்று, டெண்டரில் விற்க ஒரு கூட்டுறவு அமைப்பு தேவைப்பட்டது.

சேலம் நகரத்துக்குள் வந்தால் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள். சிவதாபுரம், செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பலர் வெள்ளியை வாங்கி வைத்துச் செய்ய முதல் இல்லாமல், வியாபாரி கொடுக்கும் வெள்ளியில் கூலிக்குச் செய்கிறார்கள். வெள்ளி விலை இரண்டு மடங்கானால் அதே 5 கிலோ வேலைக்கு முதலும் இரண்டு மடங்கு வேண்டும். கூலியோ அப்படி ஏறாது. இந்தத் தொழிலில் பணம் எத்தனை நாள் சரக்கில் முடங்கும், பண்டிகைக்கு முன் எந்த மாதத்தில் ஆர்டர் குவியும் என்று தெரிந்த குழு இருந்தால்தான் நகர வங்கி அதற்கேற்ற கடனைக் கொடுக்கும். தெரியாத குழு எல்லோருக்கும் ஒரே 12 மாதத் தவணையைப் போட்டுவிட்டு, தவணை தவறியது என்று நோட்டீஸ் அனுப்பும்.

இன்னொன்று, ஊர்ச் சங்கத்துப் பணம் அதன் செயல் எல்லைக்குள்தான் கடனாகப் போகும். பெரிய வங்கிக் கிளையில் சேரும் வைப்பு எந்த நகரத்துக்கும் போகலாம். அதனால்தான் கிராமக் கிளைகளில் வைப்புக்கு எத்தனை சதவீதம் அந்தப் பகுதியிலேயே கடனாகிறது என்று மாவட்ட ஆலோசனைக் குழுவில் கணக்குப் பார்க்கிறார்கள். மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி (லீட் பேங்க்) சேலத்துக்கு இந்தியன் வங்கி. இந்த ஊர்ப் பெயரிலேயே இருந்த ‘சேலம் பேங்க்’ 1960-களில் அந்த வங்கியோடு இணைந்துவிட்டது. உள்ளூர்க்காரர்களே ஓட்டுப் போட்டுக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் கடன் அமைப்பு என்றால் இன்று மிஞ்சியிருப்பவை கூட்டுறவுகள்தான்.

5. நல்ல தலைமையா இல்லையானு வெளியில இருந்து எப்படிங்க கண்டுபிடிக்கறது?

பேச்சையும் கட்டடத்தையும் விட்டுவிட்டு நான்கு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, தவணை தவறிய கடன் பட்டியல். எண்ணிக்கையை விட அதில் யார் பெயர் இருக்கிறது என்பது முக்கியம். வெறும் ₹30,000 கட்டாத சின்ன விவசாயிக்கு மூன்று நோட்டீஸ் போயிருந்து, ₹10 லட்சம் பாக்கி வைத்திருப்பவருக்கு ஒன்றுகூடப் போகவில்லை என்றால் தலைமையின் தரம் அங்கேயே தெரிந்துவிடும். இரண்டாவது, மொத்தக் கடனில் முதல் 20 பேர் கையில் எவ்வளவு இருக்கிறது என்பது. மூன்றாவது, தணிக்கை எந்த ஆண்டு வரை முடிந்திருக்கிறது, தணிக்கையாளர் சொன்ன குறைகளுக்குக் குழு பதில் எழுதியிருக்கிறதா என்பது. நான்காவது, கடன் கேட்டு வந்த மனுக்களுக்குத் தேதிவாரியாகப் பதிவேடு இருக்கிறதா என்பது. மனு கொடுத்த நாளும் கடன் கொடுத்த நாளும் அடுத்தடுத்த கட்டத்தில் எழுதியிருந்தால், ஆளுக்கு ஏற்ப வரிசை தாண்டியிருப்பது ஒரே பார்வையில் தெரியும்.

இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு வேண்டும் என்றால், சங்கத்தின் லாப இடைவெளி ரொம்பச் சிறியது. புரிதலுக்கு ஒரு கணக்கு: ₹1 கோடி வைப்பு வாங்கிக் கடனாகக் கொடுத்து, வாங்கும் வட்டிக்கும் கொடுக்கும் வட்டிக்கும் 2.5 சதவீதம் மிஞ்சினால் ஆண்டுக்கு ₹2.5 லட்சம். சம்பளம், மின்கட்டணம் எல்லாம் அதற்குள்தான். ₹10 லட்சம் ஒரே இடத்தில் வராமல் போனால் நான்கு ஆண்டு இடைவெளி முழுவதும் போயிற்று.

6. மார்ச் மாசக் கடைசியில கட்டிட்டு மறுநாளே திரும்ப வாங்கறாங்களே, அது தப்பா?

பணம் உண்மையாகவே வந்து, அடுத்த பருவத்துக்குப் புதிதாகக் கடன் போனால் தவறு இல்லை. பெரும்பாலும் நடப்பது அதுவல்ல. விவசாயியிடம் பணம் இருக்காது; ஒரு நாள், இரண்டு நாள் வட்டிக்கு வெளியே வாங்கிக் கட்டுவார், புதுக் கடன் வந்ததும் அதை அடைப்பார். சில இடங்களில் ரொக்கம் கைமாறுவதே இல்லை. பழைய கடனை வரவு வைத்து, புதுக் கடனைப் பற்று எழுதிவிடுவார்கள். ஏட்டில் நூற்றுக்கு நூறு வசூல். விவசாயிக்குப் புதுப் பயிருக்கு ஒரு ரூபாய்கூடக் கையில் கிடைத்திருக்காது, நாள்வட்டி மட்டும் நஷ்டம்.

குழுவில் இருப்பவர்கள் இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மார்ச் 20 முதல் ஏப்ரல் 10 வரை உள்ள தினசரி வரவு செலவுப் பதிவேட்டில் அதே உறுப்பினர் எண்ணுக்கு வரவும் பற்றும் ஏறக்குறைய ஒரே தொகையாக எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணினால் போதும். விளைச்சல் பொய்த்துப்போயிருந்தால் கடனை மத்தியகாலக் கடனாக மாற்றித் தவணை கேட்டு மேலே எழுதுவதுதான் நேர்வழி. வசூல் சதவீதம் குறைந்து தெரியுமே என்று அதைச் செய்யாமல் விடும் தலைமை, பிரச்சினையை அடுத்த மார்ச்சுக்குத் தள்ளிவைக்கிறது, வட்டியோடு.

7. நகைக்கடன்தான் ரொம்பப் பாதுகாப்புங்கறாங்க. கையில நகை இருக்கையில அதுல என்ன மோசடி பண்ண முடியும்?

சங்கங்கள் பெரிய அடி வாங்கியது நகைக்கடனில்தான். கவரிங் நகையை அடமானம் வைப்பது ஒன்று. ஊழியரே வேறு உறுப்பினர் பெயரில் கடன் எழுதிக்கொள்வது இன்னொன்று. அடமானத்தில் இருக்கும் பொட்டலத்தை எடுத்து வெளியே வைத்துப் பணம் பெறுவது மூன்றாவது. ஒரே குடும்பம் பல சங்கங்களில், பல பெயர்களில் வைப்பதும் உண்டு. 2021-ல் 5 பவுன் வரையிலான நகைக்கடன்களைத் தள்ளுபடி செய்யும் முன் அரசு நடத்திய ஆய்வில், தமிழ்நாட்டின் பல பகுதிகளில் இத்தகைய முறைகேடுகள் வெளியே வந்தன.

மதிப்பீட்டாளருக்குக் கடன் தொகையில் கமிஷன் என்றால், எடையையும் தரத்தையும் கூட்டிச் சொல்ல அவருக்கே ஒரு தூண்டுதல் இருக்கிறது. அதனால் அவர் உரைகல்லில் உரைத்துப் பார்த்த நகையை அவரே சரிபார்க்கக் கூடாது. குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, முன்கூட்டிச் சொல்லாமல், வெளி மதிப்பீட்டாளர் ஒருவரோடு பெட்டகத்தைத் திறக்க வேண்டும். கடன் பதிவேட்டில் கண்ணை மூடிக்கொண்டு 20 எண்களைக் குறியுங்கள். அந்தப் பொட்டலங்களை மட்டும் எடுங்கள். பொட்டலத்தின் மேல் உள்ள கடன் எண், பெயர், முத்திரை மேல் உள்ள கையெழுத்து மூன்றும் பொருந்துகிறதா பாருங்கள். பிரித்து மொத்த எடை, கல்லும் அரக்கும் கழித்த நிகர எடை இரண்டையும் நிறுத்துப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். சங்கிலி என்றால் கொக்கியை மட்டும் உரைக்காமல் நடுக் கண்ணியில் உரைக்கச் சொல்லுங்கள். கொக்கி மட்டும் தங்கமாக இருக்கும் சங்கிலிகள் உண்டு. பிறகு அதே 20 பேரில் நாலைந்து பேர் வீட்டுக்குப் போய், ‘உங்க பேர்ல இத்தனை ரூபா நகைக்கடன் இருக்குங்களா?’ என்று கேளுங்கள். ‘அப்படியா? நான் வைக்கவே இல்லீங்களே’ என்று ஒருவர் சொன்னால்கூட முழுப் பெட்டகத்தையும் திறந்தாக வேண்டும்.

பெட்டகச் சாவி இரண்டும் எப்போதும் இருவரிடம் இருக்க வேண்டும். ஒருவர் விடுப்பில் போகும்போது சாவியை மற்றவரிடம் கொடுத்துவிட்டுப் போவது ஊர்ச் சங்கங்களில் சர்வசாதாரணம். மோசடி நடந்த இடங்களில் துருவிப் பார்த்தால் பெரும்பாலும் இந்தப் பழக்கம் இருந்திருக்கும். சாவி கைமாறும்போது தேதி, நேரம், இருவர் கையெழுத்தோடு ஒரு நோட்டில் எழுதுவது இரண்டு நிமிட வேலை.

8. பயிர்க்கடனுக்கு வட்டியே இல்லைங்கறாங்க. எனக்கு மட்டும் ஏன் வட்டி போட்டாங்க?

கெடுவுக்குள் கட்டினால்தான் வட்டி இல்லை. கெடு தாண்டினால் கடன் வாங்கிய நாளிலிருந்தே 7 சதவீதம் கணக்காகிவிடும். தாண்டிய நாட்களுக்கு அபராத வட்டி தனி. ₹1,50,000 வாங்கி ஓராண்டுக் கெடுவை ஒரு நாள் தவறவிட்டால் ₹10,500 வட்டி. அதனால் கெடு தேதியைக் கடன் வாங்கும் அன்றே பாஸ்புத்தகத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இதிலும் தலைமைக்கு வேலை இருக்கிறது. வட்டிச் சலுகை அதிகபட்சம் ஓராண்டுக்குத்தான். மரவள்ளி நடும் முன்பே அவசரமாகக் கடனைக் கொடுத்துவிட்டால், கிழங்கு பிடுங்கி ஆலைப் பணம் கைக்கு வருவதற்குள் கெடு வந்துவிடும். தாமதமாகக் கொடுத்தால் 4-வது கேள்வியில் சொன்ன முன்பண வலை. நடவு மாதத்தை வைத்துத்தான் கடன் வழங்கும் மாதத்தைக் குழு முடிவு செய்ய வேண்டும். கெடுவுக்கு 30 நாள் முன்பு உறுப்பினர் போனுக்கு ஒரு தகவல் அனுப்பச் சொல்லலாம். கடனில் ஒரு பகுதியை உரமாகத் தருவதால், அந்த மாதம் எந்த உரம் தேவை என்பதையும் முன்கூட்டிக் கணக்கெடுத்துக் கேட்டு வைக்க வேண்டும். தழைச்சத்து வேண்டிய நேரத்தில் கிடங்கில் இருக்கிறதே என்று வேறு மூட்டையைத் தள்ளிவிடுவது விவசாயிக்கு நஷ்டம், சங்கத்தின் மேல் உள்ள நம்பிக்கைக்கும் நஷ்டம்.

9. ஏற்காட்டுல எங்க ஆளுங்களுக்கு அனுபவ நிலம்தான், விக்கிற பட்டா கிடையாது. சங்கத்துல கடன் கிடைக்குமா?

கிடைக்க வழி உண்டு. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் கொடுத்த உரிமை, பிள்ளைகளுக்கு இறங்கும். ஆனால் விற்கவோ கைமாற்றவோ முடியாது. அதனால் அதை அடமானமாக வாங்க இயலாது. ஆனால் பயிர்க்கடனுக்கு எப்போதும் நிலத்தை அடமானம் வைக்க வேண்டும் என்பதில்லை. வங்கிகள் அடமானம் கேட்காமல் தரும் விவசாயக் கடன் வரம்பை ரிசர்வ் வங்கி 2025 ஜனவரி 1 முதல் ₹2 லட்சமாக உயர்த்தியிருக்கிறது. பயிரின் பேரிலும் ஆள் ஜாமீன் பேரிலும் கேட்கலாம். தடங்கல் பொதுவாக வேறு இடத்தில் வரும்: கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் பயிர் ஏறியிருக்காது. முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் போய், காப்பியா, மிளகா, எத்தனை சென்ட் என்று பதிய வைத்துவிட்டு மனுக் கொடுங்கள்.

மலையில் சங்கம் செயல்படாவிட்டால் அந்த இடத்துக்கு வியாபாரி வந்துவிடுகிறார். மிளகு கொடியில் பச்சையாக இருக்கும்போதே முன்பணம் கொடுத்து, கொடியோடு விலை பேசி முடித்துவிடுவார். காப்பிப் பழம் பறிப்பது நவம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை. மிளகு அதற்குப் பின்னால். ஆகவே மலைவாழ் குடும்பத்துக்குப் பண முடை கடுமையாக இருப்பது மழைக்காலத்தில், ஜூலை முதல் அக்டோபர் வரை. அந்த மாதங்களில் ₹10,000, ₹15,000 என்று சிறுகடன் கொடுத்து, பறித்த சரக்கைச் சங்கமே வாங்கி வரவு வைத்துக்கொள்ளும் ஏற்பாடுதான் லேம்ப் சங்கம் இருப்பதற்கே காரணம். கடன் ஒரு மேசை, கொள்முதல் ஒரு மேசை என்று பிரித்துவிட்டு, கொள்முதலுக்குப் பணம் ஒதுக்காத தலைமை வந்தால் உறுப்பினர் கடனை அங்கே வாங்குவார், மிளகை வெளியே விற்பார். கடன் திரும்பாது.

நாகலூர், வாழவந்தி மாதிரி ஊர்களிலிருந்து ஒரு கையெழுத்துக்காக வருகிறவருக்கு பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் போகிறது. எந்தக் காகிதம் குறைவு என்பதை முதல் தடவையே முழுப் பட்டியலாக எழுதிக் கொடுக்கச் செய்வதும் தலைமையின் பொறுப்புதான்.

10. எப்படியும் எலெக்‌ஷனுக்குத் தள்ளுபடி வரும். கட்டாம இருந்தா என்ன?

2021-ல் ₹12,110 கோடி பயிர்க்கடன் தள்ளுபடி வந்தது உண்மை. அதை வைத்து அடுத்ததைக் கணக்குப் போடாதீர்கள். தள்ளுபடிக்கு எப்போதும் ஒரு தேதி, ஒரு தொகை, ஒரு நிபந்தனை இருக்கும். யார் அதற்குள் வருவார் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. காத்திருக்கும் காலத்துக்கு 8-வது கேள்வியில் சொன்ன வட்டி ஓடிக்கொண்டிருக்கும், புதுக் கடனும் கிடைக்காது. தவணை தவறியவர் குழுத் தேர்தலில் நிற்கவும் முடியாது. ‘வரும், பாத்துக்கலாம்’ என்று தலைவரே திண்ணையில் சொன்னால் அந்த வருட வசூல் படுத்துவிடும். சங்கம் மத்தியக் கூட்டுறவு வங்கிக்குக் கட்ட வேண்டியது நிற்கும், அடுத்த பருவத்துக்கு யாருக்கும் கடன் வராது.

11. தலைவர் தன் சொந்தக்காரங்களுக்குக் கடன் குடுத்தா தப்பா? ஊருக்குள்ள எல்லாரும் சொந்தந்தானே?

நகரக் கூட்டுறவு வங்கி என்றால் பதில் நேரடியானது. இயக்குநர்களுக்கும் அவர்களின் நெருங்கிய உறவினருக்கும் அவர்கள் பங்கு வைத்திருக்கும் நிறுவனங்களுக்கும் கடன் கொடுக்க ரிசர்வ் வங்கி 2003-லேயே தடை போட்டது. சொந்த வைப்பின் பேரிலும் ஆயுள் காப்பீட்டின் பேரிலும் வாங்குவது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. ₹100 கோடிக்கு மேல் வைப்பு உள்ள நகர வங்கிகள் இயக்குநர் குழுவுக்குக் கீழே, துறை அறிவுள்ளவர்களைக் கொண்ட மேலாண்மைக் குழு ஒன்றையும் வைத்திருக்க வேண்டும்.

ஊர்ச் சங்கத்தில் இயக்குநரும் விவசாயிதான். அவரும் பயிர்க்கடன் வாங்குவார். அது தவறாகாது. மற்றவர்களுக்குக் கேட்ட அதே காகிதம், ஏக்கருக்கு அதே அளவு, அதே வரிசை இருக்க வேண்டும். தன் மனுவோ, அண்ணன் தம்பி மனுவோ வரும்போது அவர் கூட்டத்திலிருந்து எழுந்து வெளியே போக வேண்டும். போனார் என்று தீர்மானப் புத்தகத்திலும் எழுத வேண்டும்.

12. மகளிர் குழுக் கடன் நல்லா திரும்புதே, மத்த கடன் ஏன் அப்படி இல்லை?

குழுவில் 12 முதல் 20 பேர். முதலில் தங்கள் சேமிப்பையே உள்கடனாகச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வெளிக்கடனுக்கு வருகிறார்கள். யார் கட்டுவார், யாருக்கு இழுபறி ஆகும் என்பது அதற்குள் தெரிந்துவிடும். 1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டம் அடுத்த சில ஆண்டுகளிலேயே சேலத்துக்கும் வந்தது. இந்தப் பழக்கத்துக்கு இங்கே வயது அதிகம். கெட்டுப்போவது எங்கே என்றால், இலக்கை முடிக்க மூன்றே மாதம் ஆன குழுவுக்குப் பெரிய தொகை கொடுக்கும்போது, அல்லது குழுத் தலைவி ஒருவரே முழுத் தொகையையும் வைத்துக்கொள்ளும்போது. பணம் உறுப்பினர்களின் கணக்குக்குத் தனித்தனியாகப் போகச் சொன்னால் இரண்டாவது பிரச்சினை பாதி தீரும்.

13. பேரவைக் கூட்டத்துக்குப் போனா காபி குடுத்து, கையெழுத்து வாங்கிட்டு அனுப்பிடறாங்க. அங்க என்ன கேக்கணும்?

பங்கு எவ்வளவு இருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஓர் ஓட்டு. அதைப் பயன்படுத்தும் இடம் இதுதான். வருகைக் கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தின் தலைப்பைப் படியுங்கள். வருகைப் பதிவும் தீர்மானத்துக்கான ஒப்புதலும் ஒரே தாளாக இருந்தால் கையெழுத்தைக் கூட்ட முடிவில் போடுங்கள். தணிக்கை அறிக்கையை வாசிக்கச் சொல்லுங்கள். சுருக்கம் போதாது, குறைகள் பகுதியை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு 5-வது கேள்வியில் உள்ள நான்கையும், பெட்டகத்தைக் கடைசியாக என்றைக்குத் திறந்து சரிபார்த்தார்கள் என்பதையும் கேளுங்கள். தனியாகக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். அதனால் நாலு பேர் முன்கூட்டிப் பேசி வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு கேள்வியாக எழுத்தில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான ஒப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

14. ஆர்டிஐ போட்டேன். ‘சங்கம் இந்தச் சட்டத்துல வராது’னு திருப்பி அனுப்பிட்டாங்க.

கூட்டுறவுச் சங்கம் என்பதாலேயே அது தகவல் அறியும் உரிமைச் சட்டம் (ஆர்டிஐ) சொல்லும் பொது அதிகார அமைப்பு ஆகிவிடாது என்று 2013-ல் கேரளச் சங்கம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதே தீர்ப்பில், பதிவாளர் சட்டப்படி சங்கத்திடமிருந்து பெறக்கூடிய தகவலைப் பதிவாளர் அலுவலகத்திடம் கேட்கலாம் என்றும் இருக்கிறது. எனவே மனுவைச் சங்கத்துக்கு அனுப்பாமல் சரகத் துணைப் பதிவாளர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். ‘எல்லா விவரமும்’ என்று கேட்காமல், எந்த ஆண்டுத் தணிக்கை அறிக்கை, எந்தத் தேதிக் குழுத் தீர்மானம் என்று குறித்துக் கேளுங்கள்.

உங்கள் கணக்கிலேயே தகராறு என்றால் ஆர்டிஐ தேவையில்லை. கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப் பிரிவு 90-ன் கீழ் தாவா போடலாம். முறைகேடு பற்றி விசாரணை வேண்டுமானால் அது பிரிவு 81.

15. இயக்குநரா நிக்கலாம்னு இருக்கேன். நாளைக்கு நஷ்டம் வந்தா என் சொத்துக்கு ஆபத்து வருமா?

வரலாம். குழுவில் இருந்தவர்களின் வேண்டுமென்றே செய்த அலட்சியத்தாலோ நம்பிக்கை மோசடியாலோ சங்கத்துக்கு இழப்பு ஏற்பட்டது என்று விசாரணையில் தெரிந்தால், பிரிவு 87-ன் கீழ் அந்தத் தொகையை அவர்களிடமே வசூலிக்க உத்தரவிடலாம். தண்டத்தீர்வை என்பது இதைத்தான். பதவி முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் நோட்டீஸ் வரும். ‘செயலாளர் சொன்னாரு, போட்டேன்’ என்பது அங்கே எடுபடாது.

நேர்மையாக முடிவெடுத்தும் மழை பொய்த்துக் கடன் நின்றுபோனால் அது வேறு விஷயம். அதற்காக யாரும் பயப்பட வேண்டியதில்லை. வித்தியாசத்தைக் காட்டுவது தீர்மானப் புத்தகம். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பே பொருள் நிரலையும் கடன் பட்டியலையும் எழுத்தில் கேளுங்கள். பட்டியல் இணைக்காத தீர்மானத்தில், ‘இணைப்பில் கண்டவாறு’ என்று மட்டும் எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். காலியிடம் விட்டிருந்தால் அந்த இடத்தைக் குறுக்குக் கோடு போட்டு அடைத்த பிறகு போடுங்கள். உடன்பாடு இல்லாத தீர்மானத்தில் வாயால் சொல்லிவிட்டு வருவது போதாது. ‘நான் எதிர்க்கிறேன், காரணம் இது’ என்று புத்தகத்திலேயே உங்கள் கையால் எழுதுங்கள். எழுத விடவில்லை என்றால் அன்றைக்கே துணைப் பதிவாளருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தொடர்ந்து கூட்டத்துக்குப் போகாமல் இருப்பதும் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். போகாதவர் பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை என்றுதான் விசாரணையில் எழுதுவார்கள்.

நிற்பது என்று முடிவு செய்துவிட்டால், வேட்புமனுவுக்கு முன்பே உங்கள் பெயரிலும், நீங்கள் ஜாமீன் போட்டவர்கள் பெயரிலும் சங்கத்தில் பாக்கி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக் கட்டி, ரசீதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சேலத்திலேயே கூட்டுறவு மேலாண்மை நிலையம் இருக்கிறது. இருப்புநிலைக் குறிப்பையும் லாப நஷ்டக் கணக்கையும் படிக்கத் தெரியாவிட்டால், பதவிக்கு வந்த பிறகு ஊழியரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று விடாமல், முன்பே அங்கே படித்த யாரையாவது பிடித்து உங்கள் சங்கத்தின் கடந்த மூன்று ஆண்டு அறிக்கையை வரிவரியாக விளக்கச் சொல்லிக் கேளுங்கள்.